தோரணமலைச் சுனைத் தண்ணீர்

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. நானும் அத்தானும் ஒரே பைக்கில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி வழியாகக் கடையம் போய்ச் சேர்ந்தோம். செல்லம்மாள் பாரதியின் ஊர். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதியார் இங்கேதான் வந்து தங்கினார். ஒரு டீ குடித்துவிட்டுத் தென்காசி ரோட்டில் போனால் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் தோரணமலை. யானை படுத்திருப்பது போல இருப்பதால் வாரணமலை என்றிருந்த பெயர் இப்படி மருவியது என்பார்கள். பார்த்ததும் எனக்கும் யானைதான் தெரிந்தது.

அடிவாரத்தில் பூ விற்ற ஆச்சியிடம் அத்தான், "மேல தண்ணி கெடைக்குமா ஆச்சி?" என்று கேட்டார்.

"சுனை என்னைக்கு வத்துச்சு? பைய ஏறுங்க, மலை எங்கயும் ஓடிப் போயிராது."

ஆனி மாதம், சாரல் நேரம். முதலில் படிகள் சாதாரணமாகத்தான் இருந்தன. பாதிக்கு மேல் செங்குத்தாகி, தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாறையில் சாரல் பட்ட இடம் கறுத்து வழவழப்பாக இருந்தது. அவசரமாகக் கால் வைத்ததில் ஒருமுறை சறுக்கி முழங்கையில் நன்றாகச் சிராய்ப்பு. அதற்கப்புறம் ஒவ்வொரு படியையும் பார்த்தே ஏறினேன். சாரல் நாளில் போகிறவர்கள் கைப்பிடிக் கம்பியை விடவே கூடாது.

மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் அத்தான் தேரையர் கதையைச் சொன்னார். அகத்தியரும் அவர் சீடர் தேரையரும் இருந்து மருத்துவம் பார்த்த மலை இது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தலைவலியால் துடித்த அரசனின் கபாலத்தைத் திறந்தால் மூளைமேல் ஒரு தேரை. அதைத் தொட்டு எடுத்தால் உயிருக்கு ஆபத்து. சீடப்பிள்ளை ஒரு பாத்திரத்தில் தண்ணீரை எடுத்துவந்து சலசலக்க வைத்தான். சத்தம் கேட்டுத் தேரை தண்ணீரில் குதித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இந்தப் பாறையில் உட்கார்ந்து கேட்கும்போது மட்டும் உடம்பு சிலிர்த்தது.

உச்சியில் குகைக்குள் முருகன், கிழக்குப் பார்த்து. கும்பிட்டுவிட்டுச் சுனைக்குப் போனோம். மலையில் 64 சுனைகள் என்று சொல்வார்கள். நாங்கள் ஒன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அவ்வளவு காற்றிலும் அதன் ஓரம் லேசாகத்தான் அசைந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி.

கிழக்கே பார்த்தால் குளம் குளமாக மின்னுகிறது, நடுவில் பச்சை வயல். ராமநதியும் ஜம்பு நதியும் இந்த மலைப்பக்கத்து ஆறுகள். 84 அடி ராமநதி அணையில் தேங்கும் தண்ணீர் கால்வாய் வழியே குளங்களுக்குப் போய், மிச்சம் கடனா நதியோடு சேர்ந்து தாமிரபரணியில் கலக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இந்தச் சாரலும் கொஞ்சம் இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசவே இல்லை.

இறங்கும்போது முட்டிதான் பாடுபட்டது. வெயில் ஏறுவதற்குள் அடிவாரம் வந்துவிட்டோம்.

அத்தான் அக்காவுக்காக ஒரு பாட்டிலில் சுனைத் தண்ணீர் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா அதை அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தாள். "இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டுவந்திருக்கலாம்லா?"