நெழல் ஓரம் எப்படி இருக்கு?

மே 11, 2025, ஞாயிறு, சயான்

மாமா பீரோவைத் திறந்து யாஷிகா கேமராவை எடுத்துக் கொடுத்தார். மேட் 124ஜி, மேலும் கீழுமாக ரெண்டு லென்ஸ் வைத்த ஃபிலிம் கேமரா. தாராவி 90 அடி ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் இதில்தான். தோல் உறையைப் பிரித்ததும் பூஞ்சை வாடை. மும்பை ஈரம் யாரை விட்டது? டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் லென்ஸின் ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. நல்லவேளை, அது நாம் பார்ப்பதற்கு மட்டும். படம் எடுக்கும் கீழ் லென்ஸ் தப்பித்துவிட்டது.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வேண்டியது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. அது இப்போது கடையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் ஒன்றைப் போட்டதும் முள் துள்ளி எழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"அது கெடக்கட்டும்" என்றார் மாமா.

மே 15, வியாழன்

ரோல் மாட்டியாச்சு. இல்ஃபோர்ட் ஹெச்பி5, கறுப்பு வெள்ளை ஃபிலிம், வேகம் 400. காகிதத்தில் இருக்கும் அம்புக்குறியைக் கேமராவின் குறிக்கு நேரே கொண்டுவந்து, மூடி, கைப்பிடியைச் சுற்றினால் 1 என்று வந்து நிற்கிறது. 12 படம், அவ்வளவுதான். போனில் ஒரு டீ குடிப்பதற்குள் அதைவிட அதிகம் எடுத்துவிடுவேன்.

மே 18, ஞாயிறு

காலையில் மாட்டுங்கா பூக்கடைகள். குனிந்து மேலிருந்து பார்க்கிற கேமரா என்பதால் யாரும் முறைக்கவில்லை, ஏதோ சில்லறை தேடுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். கேமராவின் மேல் கண்ணாடியில்தான் எல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது. பூக்காரம்மா இடப்பக்கம் நகர்ந்தால் உள்ளே வலப்பக்கம் போகிறார். நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப, ஆளே காணோம். மல்லிகைக் கூடை மட்டும் கிடைத்தது. மீட்டர் சொன்னபடி நாலு படம்.

பிறகு ஃபைவ் கார்டன்ஸ். பெஞ்சில் மாமா, வெள்ளைச் சட்டையில். இரண்டு கண்ணிலும் புரை, ஜூனில்தான் ஆபரேஷன்.

"ஏட்டி, தரையில என் நெழலப் பாரு. ஓரம் எப்படி இருக்கு? கத்தியா, பஞ்சா?"

"கத்திதான் மாமா."

"அப்ப 500-ல 16."

500 என்றால் ஷட்டர் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறக்கும். 16 என்பது லென்ஸ் துவாரத்தின் எண், எண் கூடினால் துவாரம் சிறுக்கும். மீட்டர் 22 கேட்டது. சொன்னேன். பதில் இல்லை. ஓரம் பஞ்சாக இருந்தால் 11, நிழல் இருக்கா இல்லையா என்று தேடினால் 8, நிழலே விழாவிட்டால் 5.6. முப்பது வருஷம் இந்தக் கணக்கில்தான் எடுத்தாராம். கண்ணில் பாதி போன பிறகும் கணக்கு போகவில்லை. ஆனால் நிழலைப் பார்க்க இன்னொருத்தி வேண்டியிருக்கிறது.

மே 26, திங்கள்

வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும் பருவமழை இன்றே வந்துவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர், ஆபீஸ் போகவில்லை. பால்கனியிலிருந்து மீதிப் படங்கள். நிழலே இல்லை மாமா என்றேன். "5.6 வை. ரொம்ப இருட்டிட்டு வந்தா 4. கேமராவ மட்டும் நனைச்சிராத."

மே 31, சனி

பாத்ரூமில் டெவலப்பிங். குழாய்த் தண்ணீர் 29 டிகிரி, வேண்டியதோ 20. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டேன். டி-76 டெவலப்பர் பாதி, தண்ணீர் பாதி, 11 நிமிஷம். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ முடிந்து சுருளை உருவிப் பார்த்தபோது அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மீட்டரை நம்பி எடுத்த முதல் நாலும் வெளிச்சம் போதாமல், சோகை பிடித்த மாதிரி வெளிறி இருந்தன. வோல்டேஜ் கூடினதில் இருக்கிற வெளிச்சத்தை அதிகமாகக் காட்டியிருக்கிறது அந்த முள். மற்ற எட்டும் நெகட்டிவ் என்றால் நெகட்டிவ்!

ஜன்னலோரம் மாமா. "ஒண்ணொண்ணா சொல்லு."

அஞ்சாவது அவர். கிட்டே போய் எடுத்தது. உச்சந்தலை வெட்டுப்பட்டிருந்தது. தயங்கித்தான் சொன்னேன்.

சிரித்துவிட்டார். "பாக்குற கண்ணு மேல, எடுக்குற கண்ணு கீழ. கிட்ட போனா கேமராவ கொஞ்சம் தூக்கணும். நான் எத்தன மாப்பிள்ளைக்குத் தலப்பாவ வெட்டியிருக்கேன் தெரியுமா? அத விடு. சட்டையில மடிப்பு விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு மாமா. பாக்கெட் தையல்கூடத் தெரியுது."

"அப்ப 16 சரிதான்."