சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்க’

கம்பஸ் (பல்கலைக்கழக) பதிவு முடிந்து இன்றோடு நான்கு நாள். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காகத் திருகோணமலையில் இருந்து தெற்கே இரண்டு தடவை அலைந்தேன். இந்த வருடம் போகிற பிள்ளைகளில் ஒருவராவது அந்த அலைச்சலில் இருந்து தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். கம்பஸின் பெயர் வேண்டாம்.

“திருகோணமலைப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாதா?” என்று கேட்காத ஆள் இல்லை. டவுனில் மூன்று இனத்தவரும் இருக்கிறோம், உண்மைதான். ஆனால் நான் வளர்ந்தது மூதூர்ப் பக்கம். கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் தமிழ். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்ததால் சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது.

இணையத்தில் பதிந்தது, வங்கியில் காசு கட்டியது, மெடிக்கல் ஃபோம் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. அப்பாவும் நானும் இரவு பஸ் எடுத்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி விடியக் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்தோம். போகிறவர்கள் ஊர்ப் பெயர்களைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் “நுவர, நுவர” என்று கூப்பிட்டால் அது நுவரெலியா இல்லை, கண்டி. யாழ்ப்பாணம் ‘யாப்பனய’, காலி ‘கால்ல’.

பத்து மணிக்கு எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டு போய், கிராம சேவகர் தந்த வதிவிடச் சான்றிதழில் நின்றார். அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். கடைசியில் “ஹெட்ட என்ன” என்றார். என் காதில் விழுந்தது ‘என்ன’ மட்டும்தான். தமிழில் கேட்கிறார் என்று நினைத்து, இது கிராம சேவகர் தந்தது, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கிறது என்று தமிழிலேயே விளக்கினேன். அவர் இன்னும் சத்தமாக “ஹெட்ட என்ன!” என்றார். நான் இன்னும் மெதுவாக, இன்னும் பணிவாக விளக்கினேன். அவர் ஃபைலை மூடி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கியூவில் யாரோ சிரித்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசலுக்கு எதிரே இருந்த போட்டோ கொப்பிக் கடைக்காரர் முஸ்லிம், தமிழ் பேசினார். நான் கேட்ட சொல்லை அப்படியே சொல்லிக் காட்டினேன். “மகள், அவர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார். இங்க ‘என்ன’ எண்டா ‘வாங்க’. ‘இன்ன’ எண்டா நில்லுங்க, ‘யன்ன’ எண்டா போங்க” என்றார். இந்த மூன்று சொல்லையும் யாராவது முதலே சொல்லித் தந்திருந்தால்!

சரி, பொறுப்பான ஆள் இன்று இல்லையாக்கும் என்று நினைத்து, ரூம் எடுத்துத் தங்கி, மறுநாள் போனோம். வேறொரு அதிகாரி இருந்தார், ஆங்கிலம் பேசினார். சான்றிதழ் தமிழில் இருக்கிறது, எங்களால் வாசிக்க முடியாது, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கொண்டு வாருங்கள், இதை நேற்றே சொல்லியிருப்பார்களே என்றார். சொல்லித்தான் இருக்கிறார்கள். எனக்கு விளங்கியது கடைசிச் சொல் மட்டும், அதுவும் பிழையாக.

அந்தச் சான்றிதழ் அரசாங்கக் கந்தோரில் தந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. ஒரு அரசாங்கக் கந்தோர் தமிழில் தந்ததை இன்னொரு அரசாங்கக் கந்தோர் வாசிக்க முடியாது என்றால், அதற்கு ஆள் வைப்பது அவர்கள் பொறுப்பா, மூதூரில் இருந்து வந்த அப்பாவின் பொறுப்பா? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்க என்னிடம் மொழி இல்லை.

திரும்பி ஊருக்கு. கிராம சேவகர், “முதலே கேட்டிருந்தா இங்கிலிஷிலயே நிரப்பித் தந்திருப்பனே பிள்ள” என்றார். அன்றைக்கே புதிதாக நிரப்பி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கியாகிவிட்டது. ஆகவே தெற்கே போகிறவர்கள் தயவுசெய்து இதை ஊரிலேயே கேட்டு வாங்குங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம் போலத் தமிழில் மட்டும் இருப்பவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வையுங்கள். நான் இரண்டாம் தடவை அப்படித்தான் கொண்டு போனேன்.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு நாள் வேலையை விட முடியாது. தனியாகப் போனேன். பஸ்ஸில் ஒரு வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன்: “லியலா தென்ன புளுவந்த?” எழுதித் தர முடியுமா என்று அர்த்தம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எழுதி வாங்கினால் யாரிடமாவது காட்டி வாசிக்கலாம், எதைக் கொண்டு வரச் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியும் இருக்கும்.

அதே கவுண்டர், அதே ஆள். சான்றிதழைப் பார்த்தார், முத்திரை குத்தினார், “ஹரி” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விடுதிக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க என் வசனத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, ஆறுதலாக, பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்.

விடுதி கிடைத்துவிட்டது. அறைத்தோழி அம்பாந்தோட்டைப் பிள்ளை. முதல் நாள் இரவு சிக்னல் சரியில்லாமல் அம்மாவிடம் “என்ன? என்ன?” என்று கத்திக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும், இந்த நேரத்தில் யாரை வரச் சொல்கிறாய் என்று அவள் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.