நண்டு மென்ற சேறும் மெல்லாத சேறும்: ஒரு தொட்டியில் 60 நாள்

ஃபிட்லர் நண்டை, அதாவது ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு சேற்று நண்டை, நன்னீர் நண்டு என்று சொல்லி விற்கும் கடைகள் உண்டு. சரளைக்கல், நன்னீர், மீன் தீவனம் என்று வைத்தால் அது சில வாரம் தாங்கும், மிஞ்சினால் சில மாதம். அதற்கு வேண்டியது உவர்நீரும், நாளுக்கு இருமுறை நனைந்து வடியும் சேறும். அந்தச் சேற்றை நண்டு என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இந்தத் தொட்டி. ஒரு பாதியில் நண்டு, மறுபாதியில் வெறும் சேறு. மண், நீர், விளக்கு மூன்றும் இரண்டுக்கும் பொது.

தொட்டி 60 × 30 × 36 செ.மீ. நடுவில் 15 செ.மீ. உயரக் கண்ணாடித் தடுப்பை சிலிக்கோனால் ஒட்டி, அதற்கு மேல் மூடி வரை 3 மி.மீ. துளைகள் போட்ட அக்ரிலிக் தகடு. தண்ணீர் கடக்கும், நண்டு கடக்காது. மண்ணின் ஆழம் 15 செ.மீ.: கழுவிய பொடிமணல் 20 லிட்டர், வண்டல் 7 லிட்டர். வெறும் மணலில் வளை சரிந்துவிடும். வண்டல் பாதிக்கு மேல் போனால் நீர் வடியாது. ஈர மண்ணே 50 கிலோ வரும், மேசையைப் பார்த்து வையுங்கள். கழிமுக ஓரத்து மேல்மண் ஒரு கைப்பிடி கலந்தால் நுண்பாசி விதைத்த மாதிரி. பிச்சாவரம் போன்ற காப்புக்காடுகளிலிருந்து மண்ணும் எடுக்கக் கூடாது, நண்டும் எடுக்கக் கூடாது.

நீர் 20 லிட்டருக்குக் கடல்மீன் தொட்டி உப்பு 300 கிராம், அடர்த்திமானி 1.010 முதல் 1.011 வரை காட்ட வேண்டும். சமையல் உப்பில் ஓடு கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் போதாது. நீர் ஆவியானால் குளோரின் நீக்கிய நன்னீர் மட்டும் ஊற்றவும். உப்பு எங்கும் போவதில்லை. தாமிரம் கலந்த மீன் மருந்து தொட்டிப் பக்கமே வரக் கூடாது, நண்டுக்கு அது நஞ்சு.

ஏற்றமும் வற்றமும் இரண்டு சிறு பம்புகளின் வேலை. ஒன்று கீழே உள்ள வாளியிலிருந்து மேலே ஏற்றும். இன்னொன்று மண்ணில் செருகிய துளைக்குழாய்க்குள் நின்று கீழே இறக்கும். டைமரில் 6 மணி நேரத்துக்கு ஒரு மாற்றம்; ஏற்றத்தில் மண்ணுக்கு மேல் 2 செ.மீ. நீர். முதல் வாரம் இரண்டு தவறுகள். ஏற்றும் குழாயின் முனை நீருக்குள் இருந்ததால் பம்பு நின்றதும் நீர் தானாக வாளிக்குத் திரும்பியது. முனையை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கினால் சரி. இறக்கும் பம்பு அடிவரை உறிஞ்சி மண்ணையே உலர்த்தியது. அதை 6 செ.மீ. மேடை மேல் வைத்த பிறகுதான் மண்ணின் அடியில் எப்போதும் நீர் நின்றது. இந்த நீர் ஏன் முக்கியம் என்பது பின்னால் புரியும்.

18ஆம் நாள், 10 மணி நேர எல்.இ.டி. வெளிச்சத்தில் மேல்மண் பழுப்புப் பூத்தது. அது டயட்டம் என்ற நுண்பாசியின் படலம், நண்டின் சோறு. அதன் பிறகே ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் உள்ளே விடப்பட்டன.

வற்றத்தில் மேய்ச்சல் தொடங்கும். பெண்ணுக்கு இரண்டு கையும் வாய்க்குப் போகும். ஆணின் பெரிய கொடுக்கு சண்டைக்கும் சைகைக்கும்தான், சாப்பாட்டுக்கு உதவாது. சிறு கொடுக்கு மண்ணைக் கிள்ளி வாயில் வைக்கிறது. செவுள் அறையிலிருந்து வரும் நீர் அங்கே அதை அலசுகிறது. கரண்டி நுனி கொண்ட மயிர்கள் மணலில் ஒட்டிய டயட்டம், பாக்டீரியா, மக்கு ஆகியவற்றைத் துடைத்தெடுக்கின்றன. லேசானவை மிதந்து உள்ளே போகும். மணல் வாயின் கீழே உருண்டையாகத் திரள, கொடுக்கு அதை எடுத்துக் கீழே வைக்கும். அலசும் நீர் குறைந்தால் நண்டு வளைக்குள் போய் நிரப்பிக்கொண்டு வரும். அடியில் நீர் இல்லாத வளையில் இருக்கும் நண்டு மேய முடியாது, சேறு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும்.

வளைவாயிலிருந்து கதிர்க் கதிராக விரியும் சிறு உருண்டைகள் மேய்ந்த மிச்சம். வாசலருகே கிடக்கும் பெரிய உருண்டைகள் தோண்டி வெளியே போட்டவை. இரண்டையும் எச்சம் என்று எழுதுவது தவறு. எச்சம் மெல்லிய நூல்துண்டு போலிருக்கும்.

மூன்று நண்டுக்கு 30 × 30 செ.மீ. படலம் போதாது. சுருள்பாசித் தூளும் மீன் தீவனமும் மாவாக அரைத்து, ஒரு சிட்டிகை, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரச் சேற்றில் தூவினால் நண்டு வழக்கம்போலவே கிள்ளி மேயும். முழுக் குருணை போட்டால் வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். மிச்சம் அங்கே அழுகி அமோனியா ஏறும்.

41ஆம் நாள் ஒரு பெண் வாசலை அடைத்துக்கொண்டது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். தோலுரிக்கப் போகும் நண்டு நேர்மாறு. தோண்டிப் பார்க்கவே கூடாது. ஓடு இறுகும் முன் வெளியே வந்தால் மற்றவை தின்றுவிடும். உரித்த ஓட்டை எடுக்காதீர்கள், கால்சியத்துக்காக அதுவே தின்னும்.

60ஆம் நாள் ஒப்பீடு. நண்டில்லாப் பாதியில் மேலே வழுவழுப்பான பச்சைத் தோல். கத்தியால் கீறினால் அடியில் கரிய சேறு, அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லா மண்ணில் உண்டாகும் சல்ஃபைடு அது. நண்டுப் பாதியில் தோலே கட்டவில்லை. கண்ணாடியை ஒட்டித் தோண்டிய ஒரு வளையின் சுவரைச் சுற்றித் துருநிறப் பட்டை தெரிந்தது: வளை வழியே இறங்கிய ஆக்சிஜன் மண்ணிலிருந்த இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. (பக்கக் கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டி வைத்து, பார்க்கும்போது மட்டும் எடுத்தால் நண்டு அங்கே வளை போடத் தயங்காது.)

இயற்கையிலும் இதே வேலைதான் நடக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து உப்புச் சதுப்பில் நண்டுகளை அகற்றிப் பார்த்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஒரே பருவத்தில் ஸ்பார்டினா புல்லின் மேல்வளர்ச்சி 47% குறைந்தது. வேருக்குக் காற்றும் வடிகாலும் நண்டுவளை தருகிறது. அந்த நண்டே கொக்குக்கும், நண்டுவளையின் வளைவுக்கு ஏற்ற வளைந்த அலகோடு வரும் வலசை உள்ளான்களுக்கும் இரை.

இப்போது இரு பாதியிலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதை ஒவ்வொன்று ஊன்றியாயிற்று. நண்டுப் பக்கத்து விதையைச் சுற்றி 5 செ.மீ. பிளாஸ்டிக் வளையம், வேர் பிடிக்கும் வரை தோண்டிச் சாய்த்துவிடாமலிருக்க.