இலையில் எடுத்த பச்சை: நத்தாருக்கு வீட்டில் செய்த குளிர்பானங்கள்

நத்தாருக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பச்சை நிறத்தில் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று கார்த்திகையிலேயே முடிவு செய்துவிட்டேன். சவுக்குக் கிளை நட்டு, சிவப்புக் கடதாசி நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கும் வீட்டில் பச்சைப் பானம் எடுப்பாக இருக்கும். எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு. பதினைந்து பேருக்கு மேல் குடித்தாலும் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. நிறம் சாயப் போத்தலில் இருந்து வரக்கூடாது.

கடையில் சின்னப் போத்தலில் விற்கும் பச்சைச் சாயம் பெரும்பாலும் டார்ட்ராசின் என்ற மஞ்சளையும் பிரில்லியன்ட் புளூ என்ற நீலத்தையும் கலந்தது. அளவோடு சேர்க்க அனுமதிக்கப்பட்டவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் மணமும் இல்லை, ருசியும் இல்லை. எங்கள் கிணற்றடியில் ரம்பை புதராக நிற்கிறது, வேலியில் காக்கணம் படர்ந்திருக்கிறது, மாரி மழைக்கு வளவெல்லாம் பச்சை. இவ்வளவும் இருக்கும்போது நிறத்தையும் மணத்தையும் ஒரே இலையில் இருந்து எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது.

முதலில் எடுத்தது புதினா. சந்தையில் மலிவாகக் கிடைப்பது அதுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த தண்டுகளைத் தண்ணீர்க் கிளாசில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். வேர் விட்டதும் உடைந்த வாளியில் மண் நிரப்பி நட்டாயிற்று. மழைச் சாரல் நேரே படாத விறாந்தையில் வைத்தால் அழுகாமல் தழைக்கிறது. அடுத்த கட்டை வாங்கத் தேவையில்லாமல் போனது அந்த வாளியால்தான்.

புதினாவின் பச்சையைப் பிடித்து வைப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய பாடம். இலையைச் சீனிப்பாணியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் குசினி முழுக்க மணக்கும், ஆனால் பாணி வெளிறிய மண்ணிறமாகிவிடும். பச்சை இலையைத் தேசிக்காய்ச் சாற்றோடு அரைத்தால் அந்த நேரம் கண்ணைப் பறிக்கும், பொழுதுபடுவதற்குள் காய்ந்த ஒலிவ் நிறத்துக்கு இறங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

காரணம் பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மக்னீசியம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த மக்னீசியம் கழன்று போய்விடும், அதோடு பளிச்சென்ற நிறமும் போய்விடும். போதாததற்கு, அரைத்த இலையில் உள்ள நொதியங்கள் காற்றுப் பட்டதும் கறுக்கச் செய்கின்றன. ஆகவே செய்யவேண்டியது மூன்று: நொதியத்தை அடக்கச் சில நொடிச் சூடு, உடனே குளிர், புளிப்பு கடைசியில்.

இது நமக்குப் புதிதும் இல்லை. இலைக்கஞ்சி வைக்கிறவர்களைப் பாருங்கள். அரிசியையும் தேங்காய்ப்பாலையும் காய்ச்சி முடித்த பிறகுதான் இலைச்சாற்றை விடுவார்கள், ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவார்கள், தேசிக்காய்ப்புளி கோப்பையில்தான். அதே வரிசையைப் பாணிக்கும் வைத்தேன். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, "என்ன பிள்ளை, நத்தாருக்கு இலைக்கஞ்சியோ காய்ச்சுறாய்?" என்றா. "இல்லை அம்மம்மா, இது குளிரக் குளிரக் குடிக்கிறது. கொஞ்சம் பொறுங்கோ, தாறன்" என்றேன்.

இப்போது நிலைத்துவிட்ட செய்முறை இது. அரைக் கிலோ சீனியை அரை லீட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி முழுக்க ஆறவிட்டு, பிரிட்ஜில் வைத்துக் குளிரச் செய்கிறேன். தண்டு நீக்கிய புதினா இலை நன்றாக அமுக்கி இரண்டு கைப்பிடி. மாரியில் இலைக்கு அடியில் மண் தெறித்திருக்கும், மூன்று நான்கு தண்ணீரில் அலசவேண்டும். கொதிக்கிற தண்ணீரில் அந்த இலையைப் பத்து, பதினைந்து செக்கன் மட்டும் அமுக்கிப் பிடித்து, வடியால் அள்ளி ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். அந்தக் கணத்தில் இலையைப் பார்க்கவேண்டும். மங்கலாக, கொஞ்சம் சாம்பல் பூத்ததுபோல இருந்த இலை திடீரென்று ஈரப் பச்சையாகத் தெளிந்து வரும், நரம்புகூடத் தெரியும். அதைப் பிழிந்து, குளிர்ந்த பாணியில் பாதியோடு பிளெண்டரில் அடித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, மிச்சப் பாணியைச் சேர்த்தால் முடிந்தது. ஒரு சிட்டிகை உப்பும் போடுகிறேன், இனிப்பு தெகிட்டாமல் இருக்கும்.

ஒரு கிளாசுக்கு மூன்று மேசைக்கரண்டி பாணி, அரைத் தேசிக்காய், மேலே பாதி சோடாவும் பாதி குளிர்ந்த தண்ணீரும். இந்த அளவுக்கு பதினெட்டு கிளாஸ் வரும், ஒன்றரை லீட்டர் சோடா ஒன்றே போதும். முழுக்க சோடா விட்டால் காரமாக மூக்கில் ஏறுகிறது, புதினா மணம் அடிபட்டுப் போகிறது. செலவும் கூடும். சோடாவைக் கிளாசின் ஓரத்தால் மெதுவாக விடவேண்டும், நுரை அடங்காமல் எழும்பினால் வாயு எல்லாம் போய்விடும்.

பாணியைப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நிறம் நிற்கிறது. நாலாம் நாள் ருசி இருக்கும், நிறம் தளரும். ஆகவே முன்கூட்டிச் செய்கிறவர்கள் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவது நல்லது. சீனி அதிகம் என்பதால் கல்லாக இறுகாது, கரண்டியால் கிளப்பி எடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலில் வெள்ளைப் படை படியும். தேயிலைக்கு அந்தத் தண்ணீர் அவ்வளவு நல்லதில்லை. ஆனால் இலையை முக்கி எடுக்க அதுவே தோதாக இருக்கிறது, ஏனென்றால் புளிப்பின் எதிர்ப்பக்கம் சாய்ந்த தண்ணீரில் பச்சை நன்றாக நிற்கும். சிலர் இதற்காக அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் உண்மையிலேயே பிரகாசமாக வரும், ஆனால் இலை குழைந்து சவர்க்கார வாடை தட்டும், உயிர்ச்சத்து சியும் அழியும். எனக்கு அது வேண்டாம்.

அடுத்தது ரம்பை. நாங்கள் கறிக்கும் சோற்றுக்கும் இரண்டு துண்டு போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த இலைக்குள் பாசுமதி அரிசிக்கு மணம் கொடுக்கும் அதே பொருள்தான் இருக்கிறது. தேங்காய்ப்பாலோடு அது சேரும் பொருத்தத்தைச் சொல்லி முடியாது.

முற்றிய, கடும் பச்சை இலையாகப் பன்னிரண்டு எடுத்து, கத்தரிக்கோலால் விரற்கடை அளவுக்கு நறுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீரோடு நன்றாக அடித்து வடித்தேன். இதை உடனே பாவித்தால் புல் வாசம் அடிக்கும். மூடி பிரிட்ஜில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், காலையில் போத்தலுக்குள் இரண்டு அடுக்குத் தெரியும். மேலே வெளிறிய தண்ணீர், அடியில் இருண்ட பச்சை வண்டல். மேல்தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு வண்டலை மட்டும் எடுத்தால் கைப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. ஒரு தேங்காயின் முதற்பாலும் இரண்டாம் பாலும் சேர்த்து, சீனி, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ரம்பை வண்டல். பச்சையம் கொழுப்பில் இலகுவாகக் கரைவதால் பால் முழுக்க ஒரே சீராக இளம்பச்சை ஏறும். ஊறவைத்த கசகசாவை, அதாவது திருநீற்றுப்பச்சை விதையை, கிளாசின் அடியில் இட்டு ஐஸோடு ஊற்றிக் கொடுத்தால், அதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் மேலானது. புதினாப் பானம் தாகத்துக்கு, இது பண்டிகைக்கு.

தேங்காய்ப்பால் காக்காது. பிழிந்து சில மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும், மேசையில் திறந்து வைக்கவே கூடாது. ஆகவே ரம்பைச் சாற்றை முதல்நாளே எடுத்து வைத்து, பாலை ஆட்கள் வரும் நேரம் பார்த்துப் பிழிகிறேன். பெட்டிப்பால் வாங்கினால் வேலை மிச்சம், காசு மிச்சமில்லை.

வீட்டில் சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தனியாகத் தண்ணீர்க் கிளாஸை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, எல்லோர் கையிலும் பச்சை இருக்கவேண்டும். கோயில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தல் மோர்தான் வழி காட்டியது. புதினா, கொத்தமல்லி இலை, ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு, சின்னத் துண்டு இஞ்சி, பாதிப் பச்சைமிளகாய் எல்லாவற்றையும் உப்போடு அரைத்து வடித்து மோரில் கலந்தேன். மோர் புளிப்பு என்றாலும் குளிராக இருக்கும்வரை நிறம் சில மணித்தியாலம் தாங்குகிறது. பெரியப்பா குடித்துவிட்டு, "இதுக்கு இன்னும் கொஞ்சம் இஞ்சி போட்டிருக்கலாம்" என்றார். சொன்னது சரி, இப்போது இஞ்சியை இரட்டிப்பாக்கிவிட்டேன்.

காக்கணம்பூவை நான் பிள்ளைகளுக்காகச் செய்துபார்த்தேன். நீலப்பூ பத்துப் பதினைந்தைச் சுடுதண்ணீரில் போட்டால் ஆழ்ந்த நீலம் இறங்கும். அதில் ஊசிமுனை அளவு மஞ்சள் தூளைக் கரைத்தால் நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. அதற்குமேல் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும், ஏனென்றால் அந்தப் பூவின் நிறப்பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாறுவது. பெறாமகள் தன் கையாலேயே பிழிந்து பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள், பிறகு எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஆனால் பூவுக்கென்று ருசி கிடையாது, மஞ்சள் சற்றுக் கூடினாலும் பச்சை வாடை வரும். பார்த்து மகிழ ஒரு கிளாஸ் செய்யலாம், அதற்கு மேல் அதை நம்பி ஆட்களை அழைக்க முடியாது.

ஐஸில் கவனம் வையுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்து உறையவைத்தால் ஐஸ் கொஞ்சம் தெளிவாக வரும். ஒவ்வொரு குழியிலும் சின்ன புதினாக் கொழுந்து ஒன்று போட்டேன். கழுவி வைத்த ஜாம் போத்தல்களில் பானத்தை ஊற்றி, இந்த ஐஸைப் போட்டு, பனையோலைத் தட்டில் அடுக்கி எடுத்துப் போனால் வேறு அலங்காரம் தேவையில்லை. கிளாஸ் விளிம்பில் தேசிக்காய் தடவிச் சீனியில் ஒற்றுவதைச் செய்து பார்த்தேன், எங்கள் ஈரக் காற்றில் அது சீக்கிரம் கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கிறது. விட்டுவிட்டேன்.

செலவு ஆயிரத்துக்குள் அடங்கியது. தேங்காய்க்கும் சீனிக்கும் சோடாவுக்கும்தான் காசு போனது. தேசிக்காய் ஒன்பது, தயிர் ஒரு சட்டி, கசகசா ஒரு சின்னப் பைக்கற். இலைக்கென்று கொடுத்தது முதல் புதினாக் கட்டுக்கு மட்டும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சோடாவைக் கைவிடலாம், தேங்காயைக் கைவிடாதீர்கள்.

அன்றைக்கு வேலையைப் பிரித்துக்கொண்டது உதவியது. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகுமுன் பாணி, ரம்பைச் சாறு, ஐஸ் மூன்றும் தயார். காலையில் மச்சாள் தேங்காய் துருவ, நான் பிழிந்தேன். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகே தேசிக்காயை வெட்டினோம். மத்தியானம் வந்தவர்களுக்கும் காலையில் வந்தவர்களுக்குக் கொடுத்த அதே பச்சையைக் கொடுக்க முடிந்தது.

தைப்பொங்கலுக்குள் வல்லாரையைப் பார்த்துவிட வேண்டும். அரைத்துப் பார்த்ததில் புதினாவைவிட நிறம் கனமாக இறங்குகிறது, ஆனால் துவர்ப்பும் கைப்பும் முன்னுக்கு நிற்கின்றன. சீனிக்குப் பதிலாகப் பனங்கற்கண்டு போட்டால் கைப்பு அடங்கும் என்று நினைக்கிறேன். அதன் பழுப்பு நிறம் பச்சையை மங்கச் செய்யுமா என்பதுதான் கேள்வி. ஒரு கிளாஸ் பனங்கற்கண்டுப் பாணி இப்போது பிரிட்ஜில் குளிர்ந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு இலை பிடுங்க வேண்டும்.