உபின் தீவில் இன்னும் பாடும் சின்னான்

சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பழக்கமாகும் பறவை மைனா. உணவங்காடியில் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனால் போதும், திரும்பி வருவதற்குள் நான்கைந்து வந்து நிற்கும். நம் ஊர் மைனாவுக்கு இருப்பதுபோல் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் கிடையாது. கருஞ்சாம்பல் உடம்பு, நல்ல மஞ்சள் அலகு, நெற்றியில் சின்னதாக ஒரு குடுமி. இது ஜாவா மைனா. 1920களில் கூண்டுப் பறவையாக வந்து, வெளியே பறந்து, பெருகி, இன்று தீவு முழுக்க இதுதான். அதன் சொந்த ஊரான ஜாவாவிலோ, பிடித்துப் பிடித்து விற்றே அரிதாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அங்கிள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஓய்வுபெற்றவர். நாங்கள் குடிவந்த புதிதில் கணவர் வேலைக்கும் மகன் பள்ளிக்கும் போய்விட்டால் எனக்குப் பேச ஆள் இருக்காது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் இவர் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். ஒருநாள் அவரே கேட்டார், "உனக்கு எந்த ஊரும்மா?"

"சத்தியமங்கலம் பக்கம், அங்கிள்."

"அப்போ பாறுக் கழுகு பார்த்திருப்பியே!"

நான் பார்த்ததில்லை. என் பாட்டி பார்த்திருக்கிறார். செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் வானமே தெரியாமல் வந்து இறங்கும், ஒரு பொழுதுக்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சும் என்பார். மாட்டுக்கு வலி மருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் அந்த இறைச்சி வழியாகப் போய் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துபோனது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இப்போதும் கொஞ்சம் பாறுகள் உண்டு. இது என் சொந்த மண்ணின் கதை, அதைச் சிங்கப்பூரில் ஒரு லிஃப்ட் வாசலில் வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் அங்கிளும் அவர் மனைவியும் போகும்போது நானும் மகனும் சேர்ந்துகொள்வது வழக்கமானது. புலாவ் உபின் தீவுக்கு அப்படித்தான் போனோம். ஒரு காலத்தில் கருங்கல் குவாரியும் ரப்பர் தோட்டமுமாக இருந்து, ஆட்கள் வெளியேறியபின் காடு திரும்ப ஏறிய தீவு. தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கரைக்குப் போகும் பாதையில் அங்கிள் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். குழைந்து குழைந்து, தொண்டையில் தண்ணீர் உருள்வதுபோல ஒரு குரல். அது முடிவதற்குள் பக்கத்து மரத்திலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. ஜோடியாகத்தான் பாடும் என்றார். இலைக்கு நடுவே தலை மட்டும் தெரிந்தது: காய்ந்த வைக்கோல் நிறம், கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு, கன்னத்தில் மீசைபோல இன்னொன்று. நம் வீட்டு வேலியில் கூடு கட்டும் சின்னானின் உறவுதான், ஆனால் அதைவிட நன்றாகப் பெரிசு. ஸ்ட்ரா-ஹெடட் புல்புல் என்பது ஆங்கிலப் பெயர். மலாய்க்காரர்கள் பாராவ்-பாராவ் என்கிறார்கள்.

தென் பர்மாவிலிருந்து தாய்லாந்து, மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை ஆற்றோரமெல்லாம் இது பாடியிருக்கிறது. இன்று தாய்லாந்தில் இல்லை. ஜாவாக் காடுகளில் இல்லை. பாட்டுதான் அதற்கு எமனானது. இந்தோனேசியாவில் பறவைப் பாட்டுப் போட்டிகளுக்குப் பெரிய மவுசு, நன்றாகப் பாடும் பறவைக்கு நல்ல விலை. இதுவோ உரக்கப் பாடித் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். ஓர் ஆற்றங்கரையில் தீர்ந்ததும் அடுத்த ஆற்றங்கரைக்குப் போனார்கள். 2018-இல் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு விட்டு நாடு விற்பதற்கு முழுத் தடை 2022-இல்தான் வந்தது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பனாமா மாநாட்டில்.

நிறைய இருக்கும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பயணிப் புறாவை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்த பறவை. 1813-இல் கென்டக்கியில் பறவை ஓவியர் ஆடபன் பார்த்த கூட்டம், நடுப்பகல் வெளிச்சத்தைக் கிரகணம்போல் மறைத்துக்கொண்டு மூன்று நாள் கடந்துபோனது. 1857-இல் ஒஹாயோ மாநில செனட் குழு ஒன்று, இந்தப் புறாவுக்குப் பாதுகாப்பே தேவையில்லை, அத்தனை பெருகுகிறது என்று எழுதிக் கொடுத்தது. அது ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்று தந்தி சொல்லும், பீப்பாய் பீப்பாயாக நகரத்துக்கு ரயில் கொண்டுபோகும். 1878-இல் மிச்சிகனின் பெட்டாஸ்கியில் மாதக்கணக்கில் கொன்று குவித்தார்கள். கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்தது. சின்சினாட்டி இருப்பதும் அதே ஒஹாயோவில்தான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இங்கே அங் மோ கியோ பக்கம் கெபுன் பாருவில் உயரமான கம்பங்களில் கூண்டுகளைக் கயிறு கட்டி ஏற்றுவார்கள். மெர்போக் புறா, மாத்தா புத்தே என்கிற வெள்ளைக்கண்ணி, ஜம்புல் என்கிற செம்மீசைச் சின்னான் எல்லாம் பாடும். பெரியவர்கள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைக்கும் பொறுமையைப் பார்த்தால் கோபப்பட மனம் வராது, அவர்கள் பிரியம் உண்மையானது. ஆனால் ஆற்றங்கரைகள் வெறுமையானதும் பாட்டின் மேல் மனிதருக்கு இருந்த பிரியத்தால்தானே? காட்டில் கேட்டபிறகு கூண்டுப் பாட்டை என்னால் ரசிக்க முடியவில்லை.

2016 நிலவரப்படி சிங்கப்பூரில் இந்த வைக்கோல்தலைச் சின்னான்கள் குறைந்தது 202 இருந்தன, பாதிக்கு மேல் உபினில். இவ்வளவு சின்ன நாடு இந்தப் பறவைக்கு உலகிலேயே முக்கியமான புகலிடம். ஆள் பிடிக்காமல் விட்டால், காட்டை விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அதே தீவில் இருவாச்சியும் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமல் போன அது 1994-இல் உபினில் மறுபடி தென்பட்டு, இன்று சிங்கப்பூர்க் குடியிருப்புகளுக்கே வந்துபோகிறது.

போக நினைப்பவர்கள் சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். வெயில் ஏறினால் குரல் குறைந்துவிடும். ஒன்றே ஒன்று, கைப்பேசியில் அதன் பாட்டைப் போட்டு வெளியே வரவழைக்க வேண்டாம். வேறொரு ஜோடி தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு விரட்ட வரும். தானாகப் பாடும்வரை நின்று கேட்கலாம். என் மகனே நிற்கிறான், பெரியவர்களால் முடியாதா!