பதினெட்டு முடிந்தால் செலவும் முடிந்துவிடுமா?

எங்கள் ஊர் வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டத்தின் ஓரம், செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். ரேஷன் கார்டு கேரளாவுடையது, பேச்சு தமிழ், காய்கறி எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம்.

அக்கா வீட்டுக்காரர் இறந்து வருஷங்கள் ஆயிற்று. அக்கா தையல் யூனிட்டுக்குப் போய்த்தான் மகளை வளர்க்கிறாள். விதவை பென்ஷன் வருகிறது, 1,600 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆக்கினார்கள். அறுபது வயது ஆகும்வரை, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும், அது தனி எரிச்சல். அதோடு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மகள் பெயருக்கு மாதம் 4,000 வந்துகொண்டிருந்தது. இந்த நாலாயிரம்தான் வீட்டை ஓட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

அது 18 வயது வரைதான். அவளுக்குப் பிறந்தநாள் டிசம்பரில், பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில். டியூஷன் ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் நேரத்தில் பணம் நின்றுவிட்டது. "மாமா, பொறந்தநாளைக்கு கவர்மென்ட் குடுத்த கிஃப்ட் இதுதானுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல?

வெளிநாட்டிலும் பிள்ளையின் வயதைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். பிரிட்டனில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இன்கம் சப்போர்ட் என்ற உதவி, கடைசிப் பிள்ளைக்கு 16 வயதாகும் வரை கிடைத்துக்கொண்டிருந்தது. 2008இல் அதை 12 ஆக்கி, அப்புறம் 10, 7 என்று இறக்கி, 2012இல் 5 வயதில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் நேர்மாறு, 8 வயதோடு நின்றுகொண்டிருந்ததை 2023 செப்டம்பரில் 14 வரை நீட்டினார்கள். ஆனால் அங்கே ஓடும் வாதமே வேறு: பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டால் அம்மா வேலைக்குப் போகலாம் அல்லவா என்பது. எங்கள் அக்கா காரியம் முடிந்த கையோடு வேலைக்குப் போனவள். அவளுக்கு நேரம் பிரச்சினையே இல்லை, செலவுதான். அந்தச் செலவு பிள்ளைக்கு எட்டு வயதில் இருந்ததைவிடப் பதினெட்டில் பல மடங்கு.

இதைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் ஒன்று கேரளாவிலேயே இருக்கிறது, சினேகபூர்வம். அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்கு ஐந்தாவது வரை 300, பத்தாவது வரை 500, பிளஸ் டூவுக்கு 750, காலேஜுக்கு 1,000 என்று படிப்போடு சேர்ந்து தொகையும் ஏறும். யோசனை அருமை. ஆனால் கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 20,000க்குள் இருக்க வேண்டுமாம்! 2025-26இல் கேரளாவில் தொழிலுறுதி, அதாவது நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 369 ரூபாய். 55 நாள் போனாலே 20,295 ஆகிவிடும். நூறு நாள் வேலையையும் அரசே கொடுத்துவிட்டு, முழுதாகச் செய்தால் நீ ஏழையில்லை என்று அரசே சொன்னால் எப்படி? இதே வீட்டுக்கு வாத்சல்யாவில் வரம்பு 72,000, விதவை பென்ஷனில் ஒரு லட்சம். ஒரே அக்கா மூன்று ஆபீசில் மூன்று விதமான ஏழை.

சரி, காலேஜ் பொள்ளாச்சியிலோ கோவையிலோ என்று வைத்துக்கொள்வோம். அங்கே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 தருகிறார்களே என்று பக்கத்து வீட்டு அண்ணி சொன்னார். அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள்). எங்கள் பிள்ளை படித்ததும் தமிழ் வழிதான், ஆனால் பள்ளிக்கூடம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனிலும் இதே கதைதான்.

எல்லையோரத்தில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பிள்ளை ஐந்தாவதில் இருக்கும்போதே, காலேஜ் எந்தப் பக்கம் என்று ஒரு யோசனை வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் தமிழ்நாடு தரும் அந்த ஆயிரம். வாத்சல்யா வாங்குபவர்கள் பிறந்த தேதியைப் பார்த்து, 18 முடியும் மாதத்துக்கு முன்பே சீட்டோ ஆர்டியோ ஏதாவது போட்டு வையுங்கள். அக்கா அடுத்த மாதத்திலிருந்து ஓவர்டைம் கேட்டிருக்கிறாள், அட்மிஷன் ஃபீஸுக்கு நான் கொஞ்சம் பார்க்கிறேன்.