பாட் ரிவார்டை எடுக்கட்டும், அது சேரும் இடம் லெட்ஜர் கையில் இருக்கட்டும்

ஸ்டேக்கிங் ரிவார்டு, அதாவது டோக்கனைச் செயினில் பூட்டிவைப்பதற்குக் கிடைக்கும் பலன், தினமும் தானாக க்ளெய்ம் ஆக (எடுக்கப்பட) வேண்டும். டோக்கனோ லெட்ஜர் போன்ற ஹார்டுவேர் வாலட்டில் இருக்கிறது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரில் பொத்தானை அழுத்தச் சொல்வதே அந்தக் கருவியின் வேலை. இதைத் தாண்டப் பலர் பிடிக்கும் குறுக்கு வழி, வாலட்டின் எல்லாக் கீகளும் பிறக்கும் 24 மீட்புச் சொற்களையும் சர்வரில் ஓடும் பாட்டுக்கு (தானாக வேலை செய்யும் நிரலுக்கு) கொடுத்துவிடுவது. கொடுத்த நொடியிலிருந்து அந்தக் கருவி எதையும் காப்பதில்லை. சர்வரில் நுழைபவர் அசலோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

"ஒரே ஒரு கணக்கின் பிரைவேட் கீயை (கையெழுத்திடும் ரகசியச் சாவியை) மட்டும் பிரித்துக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் கூடாது. காஸ்மோஸ் (ஒரு பிளாக்செயின் குடும்பம்) கணக்குகள் மீட்புச் சொற்களிலிருந்து 44, 118, 0, 0, 0 என்ற பாதையில் உருவாகின்றன. அதன் கடைசி இரண்டு படிகள் ஹார்டன் செய்யப்படாதவை, அதாவது மேல்நிலைப் பப்ளிக் கீயை வைத்தே கீழ்நிலைப் பப்ளிக் கீகளைக் கணக்கிடக் கூடியவை. அந்த மட்டத்தில் ஒரு கணக்கின் பிரைவேட் கீயும், அதற்கு மேல்நிலையின் எக்ஸ்டெண்டட் பப்ளிக் கீயும் ஒருவரிடம் சேர்ந்தால், பக்கத்துக் கணக்குகளின் கீயையும் கணக்கிட்டுவிடலாம். பாட்டின் கீ முற்றிலும் புதிய மீட்புச் சொற்களிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். க்ளெய்மை யார் தூண்டலாம்? எடுத்த பணம் எந்த முகவரியில் சேரும்? முதல் உரிமையைத் தாராளமாகப் பிறருக்குக் கொடுக்கலாம். இரண்டாவதைத் தீர்மானிக்கும் உரிமை ஹார்டுவேர் கீயை விட்டு நகரவே கூடாது. பாட்டின் கீ திருடு போனாலும் திருடனால் முடிவது நம் ரிவார்டை நம் வாலட்டிலேயே போடுவதுதான் என்ற நிலை வர வேண்டும்.

பாட் தேவையா என்பதை முதலில் பாருங்கள். சொலானாவின் நேரடி ஸ்டேக்கிங்கில் ரிவார்டு ஒவ்வொரு இபாக்கிலும் (செயினின் காலச் சுற்றிலும்) தானே ஸ்டேக்கில் சேர்ந்துவிடுகிறது. கார்டானோவில் எடுக்காத ரிவார்டும் ஸ்டேக்காகவே கணக்கில் வருகிறது. போல்கடாட்டில் ஒரு வேலிடேட்டரின் (பிளாக்குகளைச் சரிபார்ப்பவரின்) பேஅவுட்டை எந்த முகவரியிலிருந்தும் தூண்டலாம், பணம் ஸ்டேக் செய்தவர் குறித்து வைத்த இடத்துக்கே போகும். அதனால் அங்கே அனுமதி எதுவும் கொடுக்கத் தேவையில்லை. 84 இராக்களுக்குள், அதாவது சுமார் 84 நாட்களுக்குள், யாராவது தூண்டிவிட வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

காஸ்மோஸ் குடும்பச் செயின்களில் கதை வேறு. அங்கே க்ளெய்முக்கு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அதற்கு வழி, ஆத்ஸீ (authz) மாட்யூல், அதாவது செயினின் அனுமதிப் பகுதி. ஒரு முகவரி இன்னொரு முகவரிக்கு, ஒரு குறிப்பிட்ட வகை மெசேஜை மட்டும் தன் சார்பில் அனுப்ப, ஒரு தேதி வரை அனுமதி தரலாம். நமக்கு வேண்டியது ஜெனரிக் அனுமதி (மெசேஜ் வகையை மட்டும் குறிப்பது) ஒன்றே ஒன்று: டிஸ்ட்ரிபியூஷன் மாட்யூலின் "வித்ட்ரா டெலிகேட்டர் ரிவார்டு". இந்த மெசேஜில் பணம் போகும் முகவரியைக் குறிக்க இடமே இல்லை. செயினில் பதிவாகியுள்ள வித்ட்ரா முகவரிக்குத்தான் போகும். எதையும் மாற்றியிருக்காவிட்டால் அது நம் முகவரியே. ஆனாலும் அனுமதி கொடுக்கும் முன் ஒருமுறை குவெரி செய்து (செயினிடம் கேட்டு) பார்த்துவிடுங்கள். எப்போதோ மாற்றிவிட்டு மறந்திருந்தால், பாட் சரியாக வேலை செய்துகொண்டே பணத்தை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெயர்கள் திரையில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "செட் வித்ட்ரா அட்ரஸ்": க்ளெய்ம் அனுமதியோடு இது சேர்ந்தால் ரிவார்டு முழுவதும் திசை மாறும். "சென்ட்": கையிருப்பு போகும். ஆத்ஸீயின் சொந்த "கிராண்ட்" மெசேஜ்: பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அதை வைத்து பாட் நம் பெயரில் தனக்குத் தானே மீதி எல்லா அனுமதியையும் எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இவற்றில் மிக ஆபத்தானது இதுதான்.

கையெழுத்துப் போடும்போது சைன் மோடு (கையெழுத்திடும் வடிவம்) அமினோ ஜேசனாக இருக்கட்டும். டைரக்ட் மோடில் லெட்ஜரின் காஸ்மோஸ் ஆப் கையெழுத்திடாது. செயின் ஓடும் எஸ்டிகே (செயினைக் கட்டிய காஸ்மோஸ் மென்பொருள்) 0.46-க்கு முந்தையதாக இருந்தால் ஆத்ஸீ அனுமதிக்கு லெட்ஜரில் கையெழுத்துப் போட முடியாமல் பிழை வரும். அப்படி வந்தால் மீட்புச் சொற்களை மென்பொருள் வாலட்டில் தட்டிச் "சமாளிக்க" வேண்டாம், அந்தச் செயினில் கையாலேயே க்ளெய்ம் செய்யுங்கள். கருவியின் திரையில் பக்கம் பக்கமாக ஓடும் விவரங்களில் மூன்றைப் படித்தே ஆக வேண்டும்: பாட்டின் முழு முகவரி, மெசேஜ் வகை, காலாவதி. முகவரியை உலாவியோடு ஒப்பிடாதீர்கள், பாட் ஓடும் இயந்திரத்தின் திரையோடு ஒப்பிடுங்கள். க்ளிப்போர்டில் முகவரியை மாற்றும் வைரஸ் உலாவியிலும் மாற்றியதையே காட்டும்.

காலாவதியை யூனிக்ஸ் நேரத்தில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நேரம்), நொடிக் கணக்கில் தர வேண்டும். 10 இலக்கம் வரும். 13 இலக்கம் வந்தால் அது மில்லிநொடி, 1000-ஆல் வகுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் 0 என்றால் காலாவதியே கிடையாது. அதை ஒருபோதும் தராதீர்கள். ஆறு மாதம் போதும், புதுப்பிக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கவும் அது வாய்ப்பாகும்.

அடுத்தது கட்டணம். பாட் அனுப்புவது "எக்ஸெக்" என்ற உறை மெசேஜ், கட்டணமும் பாட்டின் கணக்கிலிருந்தே போகும். மிக எளிய ஏற்பாடு, பாட்டின் முகவரிக்குக் கொஞ்சம் டோக்கன் அனுப்பி வைப்பது. அனுப்பியதும் அந்தக் கணக்கும் செயினில் உருவாகிவிடும். ஃபீகிராண்ட் (பிறரின் கட்டணத்தை நம் கணக்கிலிருந்து செலுத்த விடும் அனுமதி) வைத்து பிரதான வாலட்டிலிருந்தே கட்டணம் போகச் செய்யலாம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: உச்சவரம்பு இல்லாத ஃபீகிராண்ட் கொடுத்திருந்தால், பாட்டின் கீயைத் திருடியவர் வேண்டுமென்றே பெரும் கட்டணம் போட்டு நம் கையிருப்பை எரித்துவிடலாம். அவருக்கு அதில் காசு வராது, நமக்கு நட்டம் நட்டம்தான். ஆகவே வரம்பு கட்டாயம். காஸ்மோஸ் ஹப்பில் அதன் டோக்கனான 1 ஏட்டம் என்பது 10,00,000 யூஏட்டம், 5,00,000 யூஏட்டம் என்று எழுதினால் அரை ஏட்டம்தான் அதிகபட்சம். மெசேஜ் வகையையும் கட்டுப்படுத்தும்போது அங்கே "எக்ஸெக்" என்று எழுத வேண்டும். உள்ளே இருக்கும் வித்ட்ரா மெசேஜின் பெயரை எழுதினால் ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்படும், ஏனென்றால் ஃபீகிராண்ட் பார்ப்பது வெளி உறையை மட்டுமே.

ஓட்டுவது சுலபம். பிரதான முகவரியின் பெயரில் வித்ட்ரா பரிவர்த்தனையை "ஜெனரேட் ஒன்லி" கொடியோடு (கட்டளையில் சேர்க்கும் குறிப்போடு) கோப்பாக எழுதுங்கள். இதற்குக் கையெழுத்து வேண்டாம், லெட்ஜர் பெட்டியிலேயே இருக்கலாம். பிறகு அந்தக் கோப்பை பாட்டின் கீ வைத்து ஆத்ஸீ எக்ஸெக் கட்டளைக்குக் கொடுங்கள். பல வேலிடேட்டர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடலாம், ஆனால் கேஸ் (பரிவர்த்தனைக்குச் செலவாகும் கணிப்பு வேலையின் அளவு) கூடும். தானியங்கிக் கணிப்பை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பிழைக் குறியீடு 11 வந்தால் கேஸ் போதவில்லை. 13 என்றால் கட்டணம் குறைவு. 32 என்றால் சீக்வென்ஸ் (கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்) பொருந்தவில்லை: முந்தையது பிளாக்கில் ஏறும் முன் அடுத்ததை அனுப்பியிருப்பீர்கள், அல்லது ஒரே கீ இரண்டு இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கும். ரிவார்டு கட்டணத்தைப் போல 20 மடங்காவது சேர்ந்த பிறகே எடுக்கும்படி ஒரு நிபந்தனை போடுங்கள். காஸ்மோஸில் எடுக்காத ரிவார்டு காலாவதியாவதில்லை, அவசரம் எதுவும் கிடையாது.

எடுத்ததைத் திரும்ப ஸ்டேக் செய்யவும் வேண்டுமா? அப்போது ஜெனரிக் "டெலிகேட்" அனுமதி தராதீர்கள். ஸ்டேக் அனுமதி என்று தனி வகை இருக்கிறது. அதில் எந்த வேலிடேட்டர், மொத்தம் எத்தனை டோக்கன் என்று இரண்டையும் கட்டிப்போடலாம். வரம்பு ஒவ்வொரு முறையும் குறைந்து, தீர்ந்ததும் அனுமதி தானே அழிந்துவிடும். கட்டிப்போடாவிட்டால், கீ கசிந்த அன்று கையிருப்பு முழுவதும் யாரோ ஒரு வேலிடேட்டரிடம் பூட்டப்படலாம். காஸ்மோஸ் ஹப்பில் திரும்ப எடுக்க 21 நாள் ஆகும். அந்த வேலிடேட்டர் இரட்டைக் கையெழுத்துப் போட்டு மாட்டினால் 5 சதவீதம் வெட்டும் விழும்.

எத்தீரியத்திலும் அதே இரு கேள்விகள்தான். கான்வெக்ஸ் என்ற சேவையில் ஒரு கணக்குக்கான ரிவார்டை யார் வேண்டுமானாலும் தூண்டலாம், பணம் அந்தக் கணக்குக்கே வரும். கர்வ் என்ற சேவையின் மின்டர் ஒப்பந்தத்தில் பாட்டின் முகவரியை ஒருமுறை அனுமதித்தால், அது நமக்காக மின்ட் செய்யலாம் (ரிவார்டு டோக்கனை உருவாக்கலாம்), டோக்கன் நமக்கே சேரும். ரிவார்டை எடுத்து நம் வாலட்டில் போட மட்டுமே என்றால் டோக்கனுக்கு "அப்ரூவ்" (நம் டோக்கனைப் பிறர் எடுக்க விடும் அனுமதி) தேவைப்படாது. க்ளெய்ம் சேவை என்று சொல்லிக்கொண்டு அப்ரூவ் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அனுமதியை ரத்து செய்யவும் லெட்ஜர் கையெழுத்தும் கட்டணமும் வேண்டும். அதனால் பிரதான வாலட்டில் எல்லாவற்றையும் ஸ்டேக் செய்துவிடாமல், கொஞ்சம் டோக்கனை விட்டுவையுங்கள். ஆத்ஸீ அனுமதியும் ஃபீகிராண்டும் தனித்தனிப் பதிவுகள். ஒன்றை ரத்து செய்தாலும் மற்றது அப்படியே இருக்கும். இரண்டையும் ரத்து செய்த பிறகு, பிரதான முகவரி கொடுத்த அனுமதிகளின் பட்டியலைக் குவெரி செய்து, அது காலியாக வருகிறதா என்று பாருங்கள்.